ஆவாரை வாடுகிறதா, பூக்கவில்லையா? அறிகுறியை வைத்துக் கோளாறைக் கண்டுபிடிக்கும் முறை

நாகமலை அடிவாரத்திலும் அழகர்கோவில் சாலையோரத்திலும் ஒரு வாளித் தண்ணீர்கூட யாரும் ஊற்றாமல் மஞ்சள் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும் ஆவாரை, வீட்டுத் தோட்டத்துக்கு வந்ததும் சுணங்கிப்போகிறது. பெரும்பாலும் இதற்குக் காரணம் ஒன்றுதான். மதுரைப் பக்கம் பூச்செடி என்றாலே மல்லிகை. மல்லிகைக்குப் பார்த்துப் பழகிய பண்டுதத்தையே ஆவாரைக்கும் பார்க்கிறோம்: நாள் தவறாத தண்ணீர், குழி நிறைய எரு, மாதம் ஒரு உரம். மல்லிகை அதை வாங்கிக்கொண்டு பூவாகத் திருப்பித் தரும். ஆவாரையின் ஆணிவேர் ஆழத்தில் ஈரம் தேடிப் போகப் பிறந்தது. மேலேயே ஈரம் நின்றால் அது அழுகத் தொடங்கும். கீழே சொல்லியிருக்கும் கோளாறுகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து வருபவை.

உங்கள் செடியில் தெரியும் அறிகுறியைத் தேடி அந்தப் பகுதியை மட்டும் படித்தால் போதும். ஆனால் முதல் பகுதியை எல்லோரும் பார்த்துவிடுங்கள்.

நட்டது ஆவாரைதானா?

ஆவாரை என்று சொல்லி வாங்கிய செடி இரண்டே வருடத்தில் வீட்டுக் கூரையைத் தாண்டி மரமாகிறது என்றால், அது மஞ்சள் கொன்றையாக இருக்கும். ஒரு பருவத்தில் காய்த்துக் காய்ந்துபோனால் தகரை. ஆவாரை இரண்டும் இல்லை. நான்கைந்து அடி உயரத்தில் கிளைத்துப் பரவும் பல்லாண்டுப் புதர்.

அடையாளம் இலைக்காம்பின் அடியில் இருக்கிறது. காம்பு தண்டோடு சேரும் இடத்தில் இரு பக்கமும் காது மடல் போன்ற சிறு இலைச் செதில்கள், உதிராமல் ஒட்டியிருக்கும். சென்னா ஆரிகுலேட்டா என்ற தாவரவியல் பெயரில் உள்ள 'ஆரிகுலேட்டா'வுக்குக் காது உடையது என்றே பொருள். ஒரு ஈர்க்கில் 8 முதல் 12 ஜோடிச் சிற்றிலைகள் இருக்கும். ஒவ்வொரு ஜோடிக்கும் நடுவில் சிறு முளை போன்ற சுரப்பி ஒன்று நிற்கும். காய் தட்டையாக, காகிதம் போல மெல்லியதாக, விதை இருக்கும் இடம் மட்டும் புடைத்துத் தெரியும். காது மடல் இல்லையென்றால் மேற்கொண்டு படிக்க வேண்டாம். உங்கள் செடி வேறு.

விதை போட்டு மூன்று வாரம் ஆகியும் முளைக்கவில்லை

விதைத்தோல் கல் போன்றது. தண்ணீர் உள்ளே போகாது. காட்டில் வெயிலும் மழையும் மாறி மாறி அடித்து அந்தத் தோலை இளக்க மாதக்கணக்கில் ஆகும். நாம் ஒரே நாளில் செய்யலாம்.

விதையைத் தட்டில் கொட்டி, குண்டூசித் தலை அளவு வட்ட ஓட்டை உள்ளவற்றைப் பொறுக்கி எறியுங்கள். அவை வண்டு துளைத்தவை, உள்ளே பருப்பு இருக்காது. மீதியை ஒரு பாத்திரத்தில் போடுங்கள். தண்ணீரைக் கொதிக்கவைத்து, அடுப்பிலிருந்து இறக்கி, இரண்டு மூன்று நிமிடம் பொறுத்து, விதையின் அளவைப் போல ஐந்து மடங்கு ஊற்றி மூடிவிடுங்கள். அப்படியே ஆறட்டும். 12 முதல் 24 மணி நேரத்தில் உயிருள்ள விதை ஊதிப் பெருத்துவிடும். விதையை அடுப்பிலேயே வைத்துக் கொதிக்கவிடுவதுதான் இங்கே பலரும் செய்யும் தவறு, கரு வெந்துவிடும்.

ஊதாமல் கிடப்பவை செத்தவை என்று நினைக்க வேண்டாம். உப்புத்தாளில் ஒரு ஓரத்தை மட்டும், உள்ளே வெளிர் நிறம் லேசாகத் தெரியும் வரை தேய்த்து மறுபடி சாதாரணத் தண்ணீரில் ஊறப்போடுங்கள். விதை காயோடு ஒட்டியிருந்த முனையைத் தேய்க்கக் கூடாது, முளை அங்கேதான் இருக்கிறது. ஊதிய விதையை ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்கு மேல் புதைக்காதீர்கள். ஒரு வாரம், பத்து நாளில் முளை தெரியும்.

விதைக்க ஏற்ற காலம் ஆவணி, புரட்டாசி. மதுரைக்கு முக்கிய மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். அதற்குள் நாற்று நாலு இலை விட்டிருந்தால் மழை முழுவதும் வேருக்குப் போய்ச் சேரும். சித்திரையில் விதைத்தாலும் முளைக்கும். அப்புறம் நீங்கள்தான் ஆறு மாதம் தண்ணீர் சுமக்க வேண்டும்.

நாற்று தரையோடு மெலிந்து சாய்கிறது

தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் நூல் கட்டி இறுக்கினாற்போல் ஒடுங்கிக் கறுத்திருந்தால் நாற்றழுகல். ஈரமும் நிழலும் நெருக்கமும் சேர்ந்தால் வரும். சாய்ந்தது பிழைக்காது, மற்றவற்றைப் பிரித்து வெயிலுக்கு நகர்த்தி, மேல் மண் வெளுத்த பிறகே தண்ணீர் காட்டுங்கள். பை மண்ணுக்கு இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு ஆற்று மணல், ஒரு பங்கு நன்றாக மக்கிய தொழு உரம் போதும். தேங்காய் நார்க்கழிவு கலந்த கலவை வேண்டாம். அது இந்தச் செடிக்கு ஈரத்தை அதிக நேரம் பிடித்துவைக்கிறது.

பையில் நன்றாக இருந்த செடி தரையில் நட்டதும் காய்கிறது

ஆணிவேரைப் பாருங்கள். பையின் அடியில் வேர் சுருண்டு சங்கிலி போல் வளைந்திருக்கும். அந்தச் சுருள் நட்ட பிறகும் நேராவதில்லை. மழைக்காலத்தில் தழைத்துவிட்டு முதல் பங்குனியிலேயே செடி காய்வதும் இதனால்தான். வேர் ஆழத்துக்குப் போகவே இல்லை.

அரை அடி அகலமும் முக்கால் அடி உயரமும் உள்ள பையில் வளர்த்து, எட்டு முதல் பத்து வாரத்துக்குள், ஒரு அடி உயரம் தாண்டும் முன் நட்டுவிடுங்கள். நடும்போது பையின் அடியை ஒரு அங்குலம் மண்ணோடு சேர்த்துக் கூரான கத்தியால் அறுத்து எடுத்துவிட்டு, பக்கவாட்டில் கீறிப் பையை உரியுங்கள். மண் கட்டி உடையக் கூடாது. இன்னும் நல்ல வழி, பையே இல்லாமல் இடத்திலேயே மூன்று விதை ஊன்றி, தேறியதில் ஒன்றை மட்டும் விடுவது. இடத்தில் முளைத்த செடியின் வேருக்குப் பை நாற்று ஈடாகாது.

காட்டில் கிடக்கும் வளர்ந்த செடியைத் தோண்டிவந்து நடுவது அநேகமாகத் தோற்கும். வேர் அறுந்துவிடும், அங்கே இருந்த செடியும் போய்விடும்.

மாலையில் இலைகள் மடங்கித் தொங்குகின்றன

கோளாறு இல்லை. இரவில் சிற்றிலைகளை மூடிக்கொள்வது இதன் இயல்பு. இதைப் பார்த்துவிட்டு இரவில் தண்ணீர் ஊற்றித்தான் பல செடிகள் அடுத்த கோளாறுக்குப் போகின்றன. காலையில் ஏழு மணிக்கு விரிந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

காலையிலும் வாடியே இருக்கிறது, மண்ணோ ஈரம்

ஆவாரையைக் கொல்லும் கோளாறு இதுதான். நிதானமாகப் பார்க்க வேண்டும்.

செடியிலிருந்து ஒரு அடி தள்ளி, நாலு விரல் ஆழம் தோண்டி மண்ணைக் கையில் பிடியுங்கள். உருண்டையாகப் பிடிபட்டால் தண்ணீர்ப் பஞ்சம் இல்லை. அடுத்து, தண்டின் அடியில் நகத்தால் பட்டையை லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே பச்சையும் வெள்ளையுமாக ஈரம் தெரிந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக, வழுவழுவென்று கழன்று, புளித்த வாடை அடித்தால் வேரழுகல் தண்டுக்கு ஏறிவிட்டது. தண்டைச் சுற்றி முழுவதும் அப்படி இருந்தால் பிடுங்கி எரித்துவிடுங்கள், வைத்துப் பார்ப்பதில் பயனில்லை.

ஒரு பக்கம் மட்டும் பழுப்பு என்றால் காப்பாற்றிப் பார்க்கலாம். தண்ணீரை உடனே நிறுத்துங்கள். தண்டைச் சுற்றிக் குவிந்த மண்ணையும் மூடாக்கையும் ஒரு சாண் தூரத்துக்கு விலக்கி வேர்க்கழுத்துக்குக் காற்றுப் பட விடுங்கள். கிளைகளில் மூன்றில் ஒரு பங்கை வெட்டுங்கள். பாதி வேர் முழுத் தழையையும் தாங்காது. காப்பர் ஆக்சிகுளோரைடு என்ற பூஞ்சைக்கொல்லியை லிட்டருக்கு 2.5 கிராம் கரைத்து, வேர்ப்பகுதியில் இரண்டு மூன்று லிட்டர் ஊற்றுங்கள். இரண்டு வாரத்தில் புதுத் துளிர் வந்தால் தப்பித்தது.

இது ஏன் வந்தது என்பதை உங்கள் மண் சொல்லும். மேலூர், அழகர்கோவில் பக்கத்துச் செம்மண், சரளையில் தண்ணீர் தங்காது. அங்கே வேரழுகல் வந்தால் பெரும்பாலும் தினமும் ஊற்றியதே காரணம். திருமங்கலம், கள்ளிக்குடி பக்கத்துக் கரிசலில் கதை வேறு. கரிசலில் ஒன்றரை அடிக் குழி வெட்டி அதில் மணலும் எருவும் நிரப்பினால், நல்லது செய்ததாகத்தான் தோன்றும். ஆனால் சுற்றிலும் இறுகிய களி, நடுவில் பொலபொலப்பான கலவை. ஐப்பசி மழையில் சுற்றுவட்டாரத் தண்ணீரெல்லாம் அந்தக் குழிக்குள் இறங்கி வெளியேற வழியில்லாமல் நிற்கும். கிணற்றுக்குள் செடியை நட்டதுபோல் ஆகிவிடும். கரிசலில் குழியே வேண்டாம். தரையைக் கொத்திவிட்டு, அதன்மேல் ஒரு அடி உயரமும் நாலடி அகலமுமாக மேடு கட்டி, மேட்டின் உச்சியில் நடுங்கள். மேட்டு மண்ணில் மூன்றில் ஒரு பங்கு சரளையோ செம்மண்ணோ கலக்கலாம்.

நடும் முன் சோதிக்க: ஒரு அடி ஆழக் குழியில் தண்ணீர் நிரப்பி வடியவிட்டு, மறுபடி நிரப்புங்கள். இரண்டாவது தண்ணீர் மறுநாள் காலையிலும் நின்றால் அங்கே மேடு கட்டாமல் நடக் கூடாது.

செத்த இடத்திலேயே அடுத்த ஆவாரையை நடாதீர்கள். நாலடி தள்ளி நடுங்கள். புதுக் குழிக்கு, ஒரு கிலோ மக்கிய எருவில் வேரழுகலைத் தடுக்கும் நன்மைப் பூஞ்சையான டிரைக்கோடெர்மா விரிடி 50 கிராம் கலந்து, ஈரச் சாக்குப் போட்டு நிழலில் ஒரு வாரம் வைத்திருந்து இடலாம். எரு மொத்தமே இரண்டு மூன்று கிலோ போதும்.

தண்ணீர்க் கணக்கு கேட்பவர்களுக்கு: நட்ட முதல் மாதம் மூன்று நாளுக்கு ஒரு முறை 2 லிட்டர். இரண்டாம், மூன்றாம் மாதம் வாரம் ஒரு முறை 5 லிட்டர். முதல் கோடையில் பதினைந்து நாளுக்கு ஒரு முறை 10 லிட்டர், தண்டை ஒட்டி ஊற்றாமல் ஒன்றரை அடி தள்ளி வட்டப் பாத்தியில். இரண்டாம் வருடம் முதல் தரைச் செடிக்குத் தண்ணீர் தேவையில்லை. மழை பெய்யும் வாரத்தில் எந்த வயதுச் செடிக்கும் வேண்டாம்.

மண் காய்ந்திருக்கிறது, ஒரு கிளை மட்டும் காய்கிறது

அடித்தண்டில் மண் பூசினாற்போல் இருந்தால் கறையான். செம்மண்ணில் கோடையில் வரும். மண் பூச்சைச் சுரண்டித் தள்ளி, காய்ந்த கிளையைப் பச்சை தெரியும் வரை வெட்டி, வேரைச் சுற்றி 200 கிராம் வேப்பம் பிண்ணாக்கைத் தூவிக் கொத்திவிடுங்கள். கறையான் பெரும்பாலும் காய்ந்த கட்டைக்கே வரும். ஆகவே பட்ட கிளைகளை அவ்வப்போது வெட்டினாலே பாதித் தொல்லை இருக்காது.

பச்சைப் பசேலென்று வளர்கிறது, பூ மட்டும் இல்லை

முதலில் வயதைப் பாருங்கள். விதைச் செடி இரண்டாம் வருடம்தான் ஒழுங்காகப் பூக்கும். வயது ஆகியும் பூக்கவில்லையென்றால், இந்த வரிசையில் தேடுங்கள்.

வெயில். நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். மாமரத்தடியிலும் மதில் நிழலிலும் தழைக்கும், பூக்காது. இதற்கு மருந்து கிடையாது. இடம்தான் மாற வேண்டும்.

உரம். யூரியாவோ, டிஏபியோ, வாரம் தவறாத மீன் அமிலமோ, பஞ்சகவ்யமோ எதுவானாலும் தழைச்சத்து மிஞ்சினால் தழைதான் வரும். நிறுத்துங்கள். தரைச் செடிக்கு ஆடி மாதம் ஒரு கூடை மக்கிய எரு, வருடத்துக்கு அவ்வளவுதான். பயறு இனம்தானே, ரைசோபியம் என்ற நுண்ணுயிர் உரம் கலக்கலாமே என்று சிலர் கேட்பதுண்டு. ஆவாரை அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான், ஆனால் அவரை, துவரை போல வேர் முடிச்சு கட்டாது. ரைசோபியம் இதற்கு வீண் செலவு.

கத்தரிப்பு. பூங்கொத்து வருவது புதுக் கிளைகளின் நுனிப் பகுதியில். வெட்டுவதென்றால் ஆனி கடைசி அல்லது ஆடியில், மூன்றில் ஒரு பங்கு வெட்ட வேண்டும். அப்போது வரும் துளிர் மழையில் நீண்டு, மார்கழி, தையில் பூ நிறைந்திருக்கும். தீபாவளிக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போது தோட்டத்தையும் ஒழுங்குபடுத்தி, ஐப்பசியில் நுனியெல்லாம் நறுக்கிவிடுகிறவர்கள், பொங்கலுக்குக் காப்புக் கட்ட வேப்பிலை, கண்ணுப்பீளையோடு சேர்க்க ஆவாரம்பூ இல்லையே என்று கடைக்குப் போக வேண்டிவருகிறது.

மொட்டு வருகிறது, விரியாமல் உதிர்கிறது

மண்ணை நீண்ட நாள் காயவிட்டுப் பிறகு திடீரென்று வெள்ளமாகத் தண்ணீர் பாய்ச்சினால் இப்படி ஆகும். தொட்டிச் செடியில் அடிக்கடி நடக்கும். தொட்டியில் வளர்ப்பதென்றால் குறைந்தது ஒன்றரை அடி ஆழம் வேண்டும், அடித்துளை அடைபடாமல் இருக்க வேண்டும், மேல் இரண்டு அங்குலம் காய்ந்ததும் அளவாக ஊற்ற வேண்டும். தொட்டி ஆவாரை பூக்கும். ஆனால் தரைச் செடியின் பூவில் பாதியை எதிர்பார்த்தால் போதும்.

இலை மஞ்சளாகிறது

எந்த இலை என்பதுதான் கேள்வி.

நுனித் துளிர் வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக வலை போல் தெரிந்தால் இரும்புச்சத்துக் குறை. சுக்காங்கல் கலந்த மண்ணிலும், வீடு கட்டியபோது சிமென்ட், சுண்ணாம்புக் கழிவு கொட்டிய இடத்திலும் இது வரும். மண்ணில் இரும்பு இருக்கும். சுண்ணாம்பு அதை வேர் எடுக்க முடியாதபடி பூட்டிவைத்திருக்கும். அன்னபேதி உப்பு, அதாவது பெரஸ் சல்பேட், 5 கிராமும் சிட்ரிக் அமிலம் 1 கிராமும் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, மாலையில் துளிர் நனையத் தெளியுங்கள். பதினைந்து நாள் இடைவெளியில் மூன்று முறை. கரைசல் துருப்பிடித்த நிறமாக மாறியிருந்தால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கரைக்க வேண்டும், அது வேலை செய்யாது. சிட்ரிக் அமிலம் சேர்ப்பதே அந்த நிறமாற்றத்தைத் தள்ளிப்போடத்தான்.

அடி இலைகள் மஞ்சளாகி உதிர்ந்தால், பங்குனி, சித்திரையில் அது இயல்பு. செடி வெயிலுக்குத் தன் தழையைக் குறைத்துக்கொள்கிறது. மழைக்காலத்தில் அப்படி உதிர்ந்தால் தண்ணீர் தேங்குகிறது. வேரழுகல் பகுதியைப் பாருங்கள்.

இலை ஓரம் மட்டும் தீய்ந்து, தரையில் வெள்ளைப் பூச்சுப் படிந்திருந்தால் போர்த் தண்ணீரின் உப்பு. சிறிது சிறிதாகத் தினம் ஊற்றுவது உப்பை மேலேயே சேர்த்துவைக்கும். இடைவெளி விட்டு ஆழமாக ஊற்றுங்கள். மொட்டைமாடி மழைநீரைச் செடிப் பக்கம் திருப்ப முடிந்தால் ஒரே மழைக்காலத்தில் உப்பு கீழே இறங்கிவிடும்.

ஒரே வாரத்தில் இலையெல்லாம் காலி, ஈர்க்கு மட்டும் நிற்கிறது

பச்சைப் புழுக்கள். ஈர்க்கின் நிறத்திலேயே, அதோடு நீளவாக்கில் ஒட்டிக் கிடப்பதால் லேசில் தெரியாது. கீழே விழுந்திருக்கும் எச்சத்தைப் பார்த்து மேலே தேடுங்கள். வெளிர் பச்சை கலந்த வெள்ளை வண்ணத்துப்பூச்சியும், சிறு மஞ்சள் வண்ணத்துப்பூச்சியும் இந்தச் செடியில் முட்டையிடுகின்றன. இளந்துளிரில் ஒற்றை ஒற்றையாக, நெல்மணியைச் செங்குத்தாக நிறுத்தினாற்போல் இருக்கும் வெள்ளை முட்டை அதுதான்.

செடி இரண்டடிக்கு மேல் இருந்தால் எதுவும் செய்ய வேண்டாம். புழு கூட்டுப்புழுவாகும், செடி இரண்டு மூன்று வாரத்தில் மறுபடி தழைக்கும். இந்த வண்ணத்துப்பூச்சிகளும் ஆவாரையும் காலங்காலமாக ஒன்றாக வாழ்ந்தவை; இதற்காக மருந்தடிப்பது தோட்டத்துக்கு நஷ்டம். ஒரு அடிக்குக் குறைந்த நாற்று என்றால் புழுவைக் கையால் எடுத்துப் பெரிய செடிக்கு மாற்றிவிட்டு, கொசுவலைத் துணியால் மூடுங்கள். புழு அதிகமாகி நாற்றே போய்விடும் என்ற நிலையில் மட்டும் 5 சதவீத வேப்பங்கொட்டைக் கரைசல்: 50 கிராம் பருப்பை இடித்துத் துணியில் கட்டி, ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்துப் பிழிந்து, சிறிது காதிச் சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளிக்க வேண்டும்.

பூவைக் காயவைத்துக் கஷாயத்துக்கு எடுப்பவர்கள் பூத்திருக்கும் காலத்தில் எந்தத் தெளிப்பும் செய்யாமல் இருப்பதே சரி.

பூ நிறைய, காய் இல்லை

ஆவாரம்பூவில் தேன் கிடையாது, மகரந்தம் மட்டும்தான். அதுவும் நுனியில் மட்டும் சிறு துளை உள்ள மகரந்தப் பைக்குள் அடைபட்டிருக்கும். பையைப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிரவைக்கிற பெரிய கருவண்டு மாதிரியான தேனீதான் அதை உதிர்க்க முடியும். 'உம்'மென்ற சத்தம் காலையில் செடிப் பக்கம் கேட்கும். அந்தச் சத்தம் இல்லாத தோட்டத்தில் காய் பிடிப்பது குறைவு. பட்ட மரக்கட்டைக்குள் துளைத்துக் கூடு கட்டுவது இந்தத் தேனீயின் வழக்கம், ஆகவே வேலியோரம் ஒரு காய்ந்த முருங்கைக் கட்டையோ மூங்கிலோ கிடக்கட்டும். காலைத் தெளிப்புகளை நிறுத்துங்கள். எல்லாப் பூவையும் பறிக்காமல் செடிக்கு நாலைந்து கொத்தாவது விட்டுவையுங்கள்.

வெள்ளைப் பஞ்சு, எறும்பு வரிசை

மாவுப்பூச்சி. தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவுங்கள், மோசமான நுனியை வெட்டி எறியுங்கள், மிச்சத்துக்கு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய் சோப்புக் கரைசலோடு. எறும்புப் புற்றைக் கலைக்காவிட்டால் திரும்ப வரும்.

அடி மொட்டை, நுனியில் மட்டும் நாலு இலை

வயதான செடி, அல்லது பல வருடம் வெட்டாதது. ஆடியில் தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு மொத்தமாக வெட்டுங்கள். பயப்பட வேண்டாம், ஆவாரை கட்டையிலிருந்து நன்றாகத் துளிர்க்கும். தோல் பதனிடப் பட்டைக்காக வெட்டப்பட்ட காலத்திலும் அப்படித்தான் மறுபடி வளர்ந்தது. வெட்டிய பிறகு இரண்டு மாதத்தில் துளிர் வராத கட்டையை எடுத்துவிடலாம். அதன் அடியில் விழுந்த காயிலிருந்து நாற்று முளைத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். காது மடல் உள்ள நாற்றாகப் பார்த்து, நன்றாக நிற்கும் ஒன்றை அதே இடத்தில் விட்டுவிட்டு மற்றவற்றைக் களையோடு எடுத்துவிடுங்கள்.